ஏழாவது ஆட்டக்காரன்

கோட்டயத்து ஆஸ்பத்திரியிலிருந்து சுருளிவேலை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியபோது, சூரியநெல்லிக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கீழ் லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுக்க வாசலில் நின்றது. யாரும் அழவில்லை. அழுது முடித்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத அவனை இரண்டு பேர் தூக்கிப் போய்க் கட்டிலில் கிடத்தியதும், ஒவ்வொருவராக வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கள் வீட்டு ஆட்களை அவன் முகத்தில் தேடுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

பூப்பாறைத் திருவிழாவில் சடுகுடுப் போட்டி. எஸ்டேட் அணிதான் ஜெயித்தது. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரியில், கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழு ஆட்டக்காரர்களும் திரும்பி வந்தார்கள். வளைவு ஒன்றில் மூடுபனிக்குள் லாரி உருண்டு பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் மரியஜோசப்பும் ஆட்டக்காரர்களில் ஐந்து பேரும் செத்துப்போனார்கள். சுருளிக்கு முதுகெலும்பு முறிந்தது. பெரியமுத்து என்ற ஏழாவது ஆளின் உடல் கிடைக்கவேயில்லை. பள்ளத்தில் ஓடுகிற ஆறு கொண்டுபோயிருக்கும், ஆனையிறங்கல் அணைக்குள் எங்காவது கிடக்கும் என்று போலீஸ் சொல்லிவிட்டது. மரியஜோசப் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஊர் முடிவுகட்டியது. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் மீது காறித் துப்பினார்கள். அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள்.

இதெல்லாம் சுருளி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே நடந்து முடிந்திருந்தது. அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

காலையில் அவன் தங்கை முத்துப்பேச்சி கொழுந்தெடுக்கப் போகும்போது அவனை வாசலில், சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்துதான் உள்ளே தூக்குவாள். லயம் காலியாகிவிடும். எதிரே தேயிலைச் சரிவு, அதற்கு மேலே பனி. ஃபாக்டரியில் கொழுந்தை உருட்டும் மெஷினோடு ஓடியாடி வேலை செய்த கைகள் மடியில் கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் ஏசுரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை.

ஏசுரத்தினம் பெரிய பங்களாவின் பட்லர். துரை குடும்பம் சீமைக்கே திரும்பிப் போனபோது, போட்டுவிட்டுப் போன சாமான்களில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. டின் நிறையப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. சிலர் பச்சை, சிலர் மண் நிறம். துப்பாக்கியோடு ஓடுகிறவன், மண்டியிட்டவன், குண்டு எறியக் கை ஓங்கியவன் என்று எல்லா விதமும் இருந்தார்கள்.

"பொழுது போகட்டும்ப்பா. வச்சு வெளையாடு" என்று டின்னை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்தச் சிப்பாய்களைச் சுருளி வெறுமனே வரிசைகட்டி நிறுத்திப் பார்த்தான். மூன்றாம் நாள் பிளேடை எடுத்து ஒருவன் கையிலிருந்த துப்பாக்கியை வெட்டி எறிந்தான். துப்பாக்கி போனதும் அந்த ஆள், குனிந்து கைகளை விரித்து, எதிராளியின் காலைப் பிடிக்கக் காத்திருக்கிறவன்போல் நின்றான். செத்துப்போன ஐந்து பேரில் ஒருவனான மொக்கையன் அப்படித்தான் நிற்பான்.

அதற்குப் பிறகு அவன் நிறுத்தவில்லை. கொதிக்கிற வெந்நீரில் முக்கினால் கையும் காலும் இளகி வளைந்தன. குடைக்கம்பியை மெழுகுவர்த்தியில் பழுக்கக் காய்ச்சி, ஓர் உடம்பில் வெட்டியதை இன்னோர் உடம்பில் வைத்து ஒட்டினான். மொக்கையன் பிடித்த பிடியிலிருந்து யாரும் தப்பியதில்லை. அதனால் அவனுக்கு நான்கு கை வைத்தான். ஆளை முட்டித் தள்ளுகிறவனுக்குக் காட்டுமாட்டுக் கொம்பு. பதுங்கிப் பாய்கிறவனுக்குப் புலி முகம், ஓட்டைப் பிளாஸ்டிக் வாளியின் துண்டை உருக்கிச் செய்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை மடித்துச் செதில் செய்தான். பெட்டியில் எழுத்து அச்சடிக்கிற கறுப்புப் பெயிண்டை ஃபாக்டரி ஆட்கள் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். செத்துப்போன ஐந்து பேரும் சாமியும் மிருகமுமாகக் கலந்து எழுந்து நின்றார்கள். ஆனால் யார் யார் என்று நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

எதிரணியாகப் பேய்களைச் செய்தான். பாதம் பின்னால் திரும்பிய ஒன்று, தலையைக் கையில் ஏந்திய ஒன்று, வயிறு வரைக்கும் வாய் கிழிந்த ஒன்று என்று ஏழு பேய்கள்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் நடுக்கோடு போட்டு ஆட்டம் வைத்தார்கள். பாடிப் போகிற பொம்மையை விரலால் நகர்த்துகிறவன் மூச்சுவிடாமல் 'சடுகுடு சடுகுடு' என்று சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். மூச்சு விட்ட இடத்தில் பொம்மை நின்றுவிடும். தொட்டவன் தப்பினானா பிடிபட்டானா என்பதைச் சோழி உருட்டி முடிவு செய்வார்கள். பேய்களுக்கு ஏசுரத்தினம் ஆடினார். எஸ்டேட் அணிக்குச் சுருளி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயமே அந்த வாசலில் கூடும். மொக்கையனின் மனைவி குருவம்மாள் முதல் நாள் தூரத்தில் நின்றாள். அடுத்த வாரம் கிட்டே வந்து, நாலு கைப் பொம்மையை எடுத்துப் பார்த்து, "கள்ளப் பய, ரெண்டு கை இருந்தப்பவே என்னய விட்டதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஆறாவதாகச் சுருளி மரியஜோசப்பைச் செய்து வைத்தான், மாதா கோயில் படத்தில் சம்மனசுக்கு இருப்பதுபோல் முதுகில் இரண்டு சிறகோடு. சனம் கொதித்துப்போனது. "குடிகாரப் பயலுக்கு ரெக்கையா?" என்று ஒருவன் பலகையை எத்தப் போனான்.

"அவன் இல்லன்னா ஆட்டமும் இல்ல" என்றான் சுருளி. இடுப்பொடிந்தவனிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? விட்டுவிட்டார்கள்.

ஏழாவது இடம் காலியாகக் கிடந்தது. "நீயும் எங்க அணிதானப்பா, உன்னயச் செஞ்சு வையேன்" என்றார்கள்.

"உசுரோட இருக்கவன இதுல வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான் சுருளி. தன்னைப் பொம்மையாகச் செய்வதைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் வாயை விட்டு வந்த பேச்சு லயம் முழுக்கச் சுற்றிப் பூமாரியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

பூமாரி பெரியமுத்துவின் மனைவி. குருவம்மாளின் கூடப் பிறந்த தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அன்றிலிருந்து வேலை முடிந்து போகிறபோதெல்லாம் பலகையை எட்டிப் பார்ப்பாள். ஏழாவது ஆள் இன்னும் வைக்கப்படவில்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்து வீட்டுக்குப் போவாள். கழுத்தில் மஞ்சள் கயிறும் நெற்றியில் பொட்டுமாகத்தான் திரிந்தாள்.

"சுருளியண்ணன் கூடவே இருந்தவுக. அவுகளே செய்யலன்னா அவரு உசுரோட இருக்காருன்னுதான அர்த்தம்" என்று பைப்படியில் எல்லாரிடமும் சொன்னாள். சுருளிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று மற்றவர்களும் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள்.

பெரியமுத்துவின் தாய் மூக்கம்மாள் ஒருநாள் வேலைக்குப் போகாமல் வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். சுருளிக்கு அவள் அத்தை முறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வாரத்துக்கு ஒருமுறையாவது கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுப்பவள்.

"ஏய்யா சுருளி, எல்லாரு வீட்டுப் புள்ளையும் இருக்கான். எம்புள்ளய மட்டும் ஏன்யா ஒதுக்கிப்புட்ட?"

"அவன் செத்ததப் பாத்தவுக யாரும் இல்லயேத்தே."

"பொணம் கெடைக்கலன்னா உசுரோட இருக்கான்னு ஆயிருமா? தண்ணி கொண்டுபோயிருச்சுய்யா. எனக்கு மனசறியத் தெரியுது. நான் காரியம் பண்ணணும். அவன் ஆத்மா அலையுது. நீ ஒரு ஆளச் செஞ்சு வச்சாத்தான் இந்தச் சனம் நம்பும், அந்தப் புள்ளயும் நம்பும்."

சுருளி மலையைப் பார்த்தான்.

பெரியமுத்து சாகவில்லை என்பதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். அன்றைக்கு வண்டியை ஓட்டியது மரியஜோசப்பே அல்ல. ஜெயித்த வெறியில் பெரியமுத்துதான் ஸ்டீரிங்கைக் கேட்டு அடம் பிடித்தான். மரியஜோசப் சிரித்துக்கொண்டே இடம் மாறி உட்கார்ந்தான். பள்ளத்தில் விழுந்து சுருளி ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தபோது, லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்ட மொக்கையனின் குரல் கேட்டது. யாராச்சும் தூக்குங்கடா, தூக்குங்கடா என்றான். பெரியமுத்து எழுந்தான். முறிந்து தொங்கிய இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். "மாப்ள! பெரியமுத்து!" என்று சுருளி கத்தினான். அவன் திரும்பி நேராக முகத்தைப் பார்த்தான். பிறகு ஆற்றோரமாகவே இறங்கி நடந்து பனிக்குள் போய்விட்டான். ஆள் கூட்டிவரப் போகிறான் என்று சுருளி நினைத்தான். மொக்கையனிடமும் அப்படித்தான் சொன்னான். இருவரும் பேசிக்கொண்டே காத்திருந்தார்கள். மறுநாள் ஏலக்காட்டு ஆட்கள் கண்டுபிடித்தபோது மொக்கையன் பேச்சை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டால் சுருளிக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சின்னப் பிள்ளையிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன், தானாக வந்து சொல்வான் என்று முதலில் நினைத்தான். பிறகு வெட்கமாக இருந்தது. என்னைப் போட்டுவிட்டுப் போனான் என்று சொல்வது, நான் போட்டுவிட்டுப் போகத் தகுந்தவன் என்று சொல்வதுபோல இருந்தது.

மூக்கம்மாள் விடவில்லை. தினமும் வந்தாள். மற்ற வீட்டுக்காரர்களும் பேச ஆரம்பித்தார்கள். ஓர் ஆள் குறைவாக ஆடுவதால் எஸ்டேட் அணி வாராவாரம் பேய்களிடம் தோற்றது. செத்தவர்கள் திரும்பத் திரும்பத் தோற்பதைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "ஏழு பேரும் நின்னாத்தான்ப்பா அவனுகளுக்கு நெஞ்சு ஆறும்" என்று குருவம்மாளே கேட்டபோது சுருளி தளர்ந்துபோனான்.

குண்டு எறியக் கை ஓங்கிய சிப்பாய் ஒருவனை எடுத்தான். இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு மிளாமானின் கால்களை வைத்தான். பெரியமுத்து பாடிப் போனால் அந்த ஓட்டம்தான். வலது கையைப் பின்னுக்கு வளைத்து, இடது கையை எதிராளியைத் தொடப்போகிறவன்போல் உயரத் தூக்கிவைத்தான். பெயிண்ட் காய்கிறவரைக்கும் அதன் முகத்தை அவன் பார்க்கவில்லை.

சாயங்காலம் மூக்கம்மாள் வந்தாள். பொம்மையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"காலு அவன் காலேதான். ஆனா இந்த எடது கையத் தூக்க வைக்காதய்யா. மாரோட மடக்கி வை. அவனால தூக்க முடியாது."

முறிந்த கையைப் பெரியமுத்து மார்போடு பிடித்திருந்ததைப் பார்த்தது உயிரோடிருக்கும் மனிதர்களில் தான் ஒருவன்தான் என்று அதுவரை சுருளி நினைத்திருந்தான்.

"ஏன் தூக்க முடியாது?"

மூக்கம்மாள் பொம்மையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அவன எப்பத்தே பாத்தீக?"

அவள் சுற்றும் பார்த்தாள். பைப்படியில் பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். குரலை இறக்கினாள்.

"விடியக் கருக்கல்ல பின்பக்கமா வந்தான். எஞ்சீலையக் கிழிச்சுக் கையக் கட்டிவிட்டேன். போடிப் பக்கம் எறங்கிப் போயிருடான்னு நாந்தான் அனுப்பிச்சேன். வேற என்னய்யா செய்வேன்? ஆறு வீட்டு எழவு. இவுக அவன உசுரோட விட்டுருவாகளா? இப்பக்கூட நீ அவனச் செய்ய மாட்டேங்கவும், ஏதோ இருக்குன்னு பேசுறாக. எஸ்.ஐ. மறுபடி வந்து வெசாரிக்கப் போறான்னு சொல்றாக."

"நான் கூப்புட்டேன்த்தே."

"சொன்னான். 'சுருளி கூப்புட்டான்மா, திரும்பிப் பாத்தேன், எங்காலு நிக்கலம்மா'ன்னு சொல்லி அழுதான்."

"மொக்கையனும் கூப்புட்டானே. அதச் சொன்னானா?"

அவள் பைப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பூமாரி?" என்றான் சுருளி.

"சின்னப் புள்ள. ஒரு வருசம் அழுவா." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு பொம்மையை மறுபடி பார்த்தாள். "கை இருந்தபடியே இருக்கட்டும். மடக்க வேணாம்."

அவன் தடுக்கக் கை நீட்டுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பொம்மையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள வந்துட்டான்டியம்மா! எங்கய்யா வந்துட்டான்!" என்று பைப்படியைப் பார்த்து ஓடினாள். குடங்கள் உருண்டன. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சத்தம் கேட்டுப் பூமாரி வந்தாள். மாமியார் கையில் இருந்ததைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை காரியம் என்று முடிவாயிற்று.

சுருளி அந்த வாரம் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை முத்துப்பேச்சியை அனுப்பிப் பூமாரியைக் கூப்பிட்டான். அவள் வந்து வாசற்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். சுருளி ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். வண்டியை யார் ஓட்டியது, யார் எழுந்து போனது, எங்கே போனது, யார் அனுப்பியது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் கையிலிருந்த புல்லைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு நீ தாலியக் கழட்ட வேணாம். எல்லாரு முன்னாடியும் நானே சொல்லிருறேன்" என்றான்.

"அவரு எந்திரிச்சுப் போறப்ப எங்க மச்சான் உசுரோட இருந்தாகளா?"

மொக்கையன் அவளுடைய அக்கா புருஷன். அப்பா இல்லாத வீட்டில் அவள் கல்யாணத்தை நின்று நடத்திவைத்தவன் அவன்தான். சுருளி தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுங்கண்ணே."

"விடியிற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தான். இவன் ஆள் கூட்டியாரப் போயிருக்கான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பூமாரி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எங்கக்காவுக்கு இது தெரிய வேணாம்ணே. தெரிஞ்சா செத்துருவா. நாளைக்குக் கழட்டட்டும். கெடந்து கத்துன மனுசன விட்டுப்போட்டு நடந்து போனவருக்கு நான் எதுக்கு இதச் சொமக்கணும்?"

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் அவளை உட்காரவைத்துப் பூவைப் பிய்த்து, வளையலை உடைத்து, கயிற்றை அறுத்தார்கள். பூமாரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எதிரே தலையை விரித்துப்போட்டு அழுத மாமியாரை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். முத்துப்பேச்சி வந்து சொன்னாள். அன்று மாலையே பூமாரி ஒரு தகரப் பெட்டியோடு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். பித்துப் பிடித்துப்போனது, புருஷன்மேல் அவ்வளவு உயிர் என்று ஊர் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரோடு ஆட்டம் நடந்தது. மிளாக்கால் பொம்மையை நகர்த்த வேண்டிய முறை வந்தபோது சுருளிக்கு மூச்சுப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவன் கையை நீட்டி, தானே 'சடுகுடு' சொல்லி நகர்த்தினான். சோழிகள் அவன் பக்கமே விழுந்தன. மூன்று பேய்களைத் தொட்டுவிட்டுப் பொம்மை கோடு தாண்டித் திரும்பி வந்தது. எஸ்டேட் அணி முதல் தடவையாக ஜெயித்தது. சனம் ஆர்ப்பரித்தது. மூக்கம்மாளைச் சுற்றி நின்று, "ஒம்மகன்தான் காப்பாத்தினான்" என்றார்கள். குருவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கம்மாள் அந்த ஆறுதலையெல்லாம் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு சுருளி ஆடவில்லை. கண் மங்குகிறது என்று சொல்லிவிட்டான். பலகையும் பொம்மைகளும் ஃபாக்டரிக்குப் பக்கத்து லேபர் கிளப்புக்குப் போயின. அங்கே அந்த ஏழு பேருக்கும் யாரோ சந்தனம் வைத்தார்கள். பிறகு சூடம் கொளுத்த ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் குருவம்மாள் தங்கைக்கு ஒரு வழி பார்த்தாள். சின்னக்கானலில் வாட்ச்மேன் வேலை பார்க்கிற ஒருவன், முதல் மனைவி இறந்தவன், நல்ல குணம். அவர்கள் சாதியில் அறுத்துக் கட்டுவது புதிதல்ல. ஆனால் செத்தவனின் தாய் சம்மதம் சொல்ல வேண்டும். லயத்துப் பெரியவர்கள் மூக்கம்மாளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"என்ன சொல்ற மூக்கம்மா? ஒம்மகன் போயிட்டான். அந்தப் பொண்ணு வாழட்டுமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பூமாரியும் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த சுருளியும் பார்த்தான்.

"வாழட்டும்" என்றாள் மூக்கம்மாள்.

பூமாரி சின்னக்கானலுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்திருக்கும். எல்லாரும் காட்டுக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு முன்பகலில், வெள்ளை வேட்டி கட்டிய ஓர் ஆள் கையில் தேங்காய் மூட்டையோடு ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்து நின்றார். லயத்தில் இருந்த ஒரே மனுஷன் சுருளிதான்.

"ஏனுங்க, மூக்கம்மான்னு ஒரு அம்மா. அவுங்க ஊடு எதுங்க?"

"நீங்க எங்கருந்து வாறீக?"

"நமக்குச் சித்தூர்ப் பக்கம், பெருமாட்டிங்க. பேரு செங்கோட்டையன். எங்க தோட்டத்துல ஒரு பையன் பண்ணையத்துக்கு இருக்கறானுங்க, முத்துன்னு. எடது கை கோணல். ஆனாக் கெட்டிக்காரன். ரெண்டு வருசமா வாயே தொறக்க மாட்டான். இப்பத்தான், ஆத்தா இங்க இருக்கா, பொண்டாட்டி இருக்கான்னு சொல்றானுங்க. நீங்க போய்ப் பாத்துக் கூட்டியாந்து உட்ருங்கன்னு காலப் புடிச்சு அழுகறான். தானே வர்றதுக்குப் பயப்படறானுங்க. மூணாறுல ஒரு சோலியிருந்துதுங்க, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

சுருளி அவரைத் திண்டில் உட்காரச் சொன்னான். பானையில் மோர் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள் என்றான். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தான்.

"நீங்க சொல்ற ஆளு செத்துப்போயிட்டானுங்க" என்றான்.

"முந்தாநேத்து எனக்குத் தண்ணி எறச்சு ஊத்துனவனுங்க. எப்படிங்க செத்தான்?"

வேறு வழியில்லாமல் சுருளி முழுவதையும் அந்த அந்நியரிடம் சொன்னான். மொக்கையனைப் பற்றிச் சொன்னபோது செங்கோட்டையன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளைக்கு வேற கண்ணாலமே ஆகிப்போச்சுங்களா?"

"ஆயிருச்சு. மாசமா இருக்கா."

"அப்ப ஆத்தாளயாவது பாத்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போறனுங்க. பெத்தவளாச்சே. மகன் எங்கிருக்கறான், எப்படியிருக்கறான்னு தெரிய வேண்டாமுங்களா?"

மூக்கம்மாளுக்கு மகனைப் பற்றிய சேதி எதுவும் வருவதில்லை என்பது சுருளிக்குத் தெரியும். முதலில் ஏலக்காய் வியாபாரி ஒருவன் மூலமாக ஏதோ வந்துகொண்டிருந்தது. அவனும் வருவதை நிறுத்திவிட்டான். அவள் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டு வந்தாள். இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், அவள் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள்.

"வேணாமுங்க" என்றான். "அவளுக்குத் தெரிஞ்சா அங்க ஓடி வருவா. அவ எங்க போறான்னு நாலு பேரு கேப்பாக. அப்புறம் அந்தப் பொண்ணு வாழ்க்கயும் போயிரும். நீங்க கெளம்புங்க."

"அவங்கிட்ட என்னன்னு சொல்லட்டுங்க?"

"ஆத்தா செத்துட்டான்னு சொல்லிருங்க. பொண்டாட்டி எங்க போனான்னு தெரியலன்னு சொல்லிருங்க."

செங்கோட்டையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா வெறுப்பு இருந்ததா என்று சுருளியால் கண்டுகொள்ள முடியவில்லை. தேங்காய் மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். வளைவில் வெள்ளை வேட்டி மறைகிற வரைக்கும் சுருளி பார்த்தான். கூப்பிட நினைத்தான். கூப்பிடவில்லை.

மூக்கம்மாள் கூடையோடு வந்தாள். மூட்டையைப் பார்த்தாள்.

"யாருய்யா வந்தது?"

"சின்னக்கானலுக்கு வழி கேட்டு வந்த ஆளு. சொமக்க முடியலன்னு போட்டுட்டுப் போயிட்டாரு."

அவள் மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போனவள் கேட்காமலே வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த ஐப்பசித் துலா மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கவில்லை என்று முத்துப்பேச்சி சொன்னாள். போர்வைக்குள் அடக்கிவைத்திருந்தாளாம். ஒரு காலை அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. கொள்ளி வைக்க மகன் இல்லாமல் போய்விட்டாள் என்று சனம் வருத்தப்பட்டது. குருவம்மாளின் மூத்த பையன் வைத்தான். சுருளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் போட்டார்கள்.

பூமாரி சின்னக்கானலிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பழைய மாமியாரின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பாடை கிளம்பிய பிறகு சுருளியிடம் வந்தாள்.

"அத்த போனத அவருக்குச் சொல்லிவிட வழி இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு" என்றான் சுருளி.

அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கடைசி ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று கீழேயிருந்து அவள் புருஷன் கூப்பிட்டான். வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள்.